எச்சில் குழாயா, குடும்பக் கொடிவழியா?

என் தங்கை மகனுக்குப் பெண் பேசி முடித்திருக்கிறோம். போன மாதம் சுங்கை சிப்புட் சந்தையில் மீன்கடை வரிசையில் நிற்கும்போது அவன் கேட்டான்: "மாமா, நீங்கள் அந்த டிஎன்ஏ பெட்டியை வாங்கிச் சோதித்தீர்களே, நானும் வாங்கட்டுமா? கல்யாணத்துக்கு முன் உடம்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் நல்லதுதானே?" வரிசை நகர்ந்துவிட்டது, அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

இரண்டையும் செய்து பார்த்தவன் நான். ஒன்று, குழாயில் எச்சிலைத் துப்பி வெளிநாட்டுக்கு அனுப்பும் வம்சாவளிச் சோதனை. மற்றொன்று, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று மூன்று தலைமுறைக்குக் கொடிவழி எழுதி, அதை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போவது. உடல்நலத்துக்காக என்றால் இரண்டாவதையே செய் என்பேன். காரணம் பணம் மட்டுமல்ல.

பணக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பெட்டிக்குச் சில நூறு வெள்ளி (மலேசிய ரிங்கிட்), முடிவு வர இரண்டு மாதம். கொடிவழிக்கு ஒரு பேனா, ஒரு பழைய காலண்டர் தாள், கிளினிக்கில் ஒரு வெள்ளி. நாற்பது வயதைத் தாண்டிய, அரசாங்க உதவித்தொகை பெறும் குடும்பத்தார் என்றால் 2019 முதல் நடக்கும் பெக்கா பி40 என்ற அரசாங்க உடல்நலத் திட்டத்தில் சீனி, கொழுப்பு எல்லாவற்றையும் இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம். வலி இரண்டிலும் இல்லை, ஊசி குத்தும் ஒரு நொடியைத் தவிர.

பெட்டி என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு ஈப்போவிலிருந்து மகள் வாங்கி வந்தது. அரைமணி நேரம் எதையும் உண்ணாமல் குடிக்காமல் இருந்து, குழாயில் போட்டிருக்கும் கோடு வரைக்கும் எச்சில் நிரப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. வாய் வறண்டு, எலுமிச்சம்பழத்தை நினைத்து நினைத்து நிரப்பி முடிக்கக் கால்மணி நேரம் ஆனது. வந்த முடிவில் வம்சாவளிப் பகுதி நன்றாகவே இருந்தது. தென்னிந்தியா என்று சொன்னதோடு, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் ஒரு குடும்பம் எங்களுக்குத் தூரத்து உறவு என்றும் காட்டியது. அந்த அம்மாவோடு என் மகள் இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறாள். ஒரே ஊரிலிருந்து ஒரு கப்பல் நேட்டாலுக்கும் இன்னொன்று பினாங்குக்கும் போயிருக்கிறது. நூறு வருடம் அறுந்து கிடந்த உறவை ஒரு குழாய் எச்சில் ஒட்டவைத்தது என்றால் அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. வேர் தேடுவதற்காக வாங்குகிறவர்களை நான் தடுக்கவே மாட்டேன்.

நான் மாட்டிக்கொள்ளப் பார்த்தது உடல்நலப் பகுதியில். இரண்டாம் வகை நீரிழிவுக்கு எனக்கு 'வழக்கமான அபாயம்' என்று பச்சை நிறத்தில் போட்டிருந்தது. மூன்று மாதம் நிம்மதியாக இருந்தேன். அறிக்கையின் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்ததை மகள்தான் பிறகு கண்டுபிடித்தாள்: இந்தக் கணிப்பு பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவை வைத்துச் செய்யப்பட்டது.

எல்லாமே அந்த ஒரு வரியில் அடங்கியிருப்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். மரபணுச் சோதனை உன் உடம்பைத் திறந்து பார்ப்பதில்லை. உன் மரபணுவில் சில இடங்களில் உள்ள எழுத்துகளை, ஏற்கனவே சோதிக்கப்பட்ட இலட்சக்கணக்கானோரின் எழுத்துகளோடு ஒப்பிடுகிறது. இந்த எழுத்து உள்ளவர்களில் இத்தனை பேருக்கு நோய் வந்தது, ஆகவே உனக்கும் இவ்வளவு வாய்ப்பு என்று கணக்குச் சொல்கிறது. அப்படியானால் அந்த இலட்சம் பேர் யார் என்பதுதான் முதல் கேள்வி. இத்தகைய ஆய்வுகளில் கலந்துகொண்டோரில் 2009-இல் 96 சதவீதம் பேர் ஐரோப்பிய வம்சாவளியினர். 2016-இல் மறுபடி எண்ணியபோதும் ஐந்தில் நான்கு பேர் அவர்கள்தான். நோயோடு சேர்ந்து வரும் அடையாள எழுத்துகள் ஒவ்வொரு மக்கள் கூட்டத்திலும் ஒவ்வொரு விதமாகப் பின்னிக் கிடப்பதால், அங்கே பொருந்தும் கணக்கு இங்கே தளர்ந்துவிடுகிறது. வெள்ளைக்காரத் துரைக்கு அளவெடுத்துத் தைத்த கால்சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, இடுப்பு சரியாக இருக்கிறது என்று சொன்ன மாதிரி.

இன்னும் தெளிவான உதாரணம் மார்பகப் புற்றுநோய். பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் நோய் தரக்கூடிய மாற்றங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. 2018-இல் அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமலே வீட்டுக்கு விற்கலாம் என்று அனுமதி கிடைத்த முதல் பி.ஆர்.சி.ஏ. சோதனை, அவற்றில் மூன்றை மட்டும் பார்த்தது. அந்த மூன்றும் கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடம் அதிகமாகக் காணப்படுபவை. அவர்களுக்கு அது பயனுள்ள சோதனைதான். ஆனால் ரப்பர்த் தோட்டத்துப் பால்மரக் காட்டில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு 'மாற்றம் எதுவும் இல்லை' என்று பதில் வந்தால் அதில் ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. தாயும் பெரியம்மாவும் மார்பகப் புற்றுநோயில் போன ஒரு பெண், அந்தப் பதிலை நம்பி மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிட்டால்? நினைக்கவே எனக்குப் பதறுகிறது.

நிலைமை மாறி வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஆசிய மக்களின் மரபணுக்களைத் திரட்டும் ஜீனோம்ஏஷியா திட்டம் 2019-இல் 219 மக்கள் குழுக்களின் தரவை வெளியிட்டது. இந்தியாவில் ஜீனோம்இந்தியா பத்தாயிரம் பேரின் முழு மரபணுத் தொகுதியைப் படித்து முடித்திருக்கிறது. நம் நாட்டிலேயே மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் 2006-இல் தொடங்கிய மலேசியன் கோஹோர்ட் ஆய்வில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள். இவையெல்லாம் பழுத்துவரும்போது என் கருத்து மாறலாம். நான் பயன்படுத்தியதும் ஒரே ஒரு நிறுவனத்தின் பெட்டிதான். மற்றவற்றை வைத்துப் பார்த்த அனுபவம் எனக்கில்லை.

இனி கொடிவழிக்கு வருகிறேன். இதில் உன்னை ஒப்பிடுவது முகம் தெரியாத கூட்டத்தோடு அல்ல, உன் சொந்த இரத்தத்தோடு. அதே மரபணு, அதே அடுப்புச் சாப்பாடு, அதே லயத்து வாழ்க்கை, எல்லாம் சேர்ந்து வரும் கணக்கு.

அத்தைக்கு வயது 84. எங்கள் குடும்பத்தின் ஏடு அவர்தான். காலண்டர் தாளின் வெள்ளைப் பக்கத்தைத் தரையில் விரித்து, ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரைந்துகொண்டே போனேன். சீக்கிரமே ஒன்று புரிந்தது. தோட்டத்தில் நோய்க்கு இருந்த பெயர் வேறு, கிளினிக்கில் இருக்கும் பெயர் வேறு. "பெரியப்பா எப்படிப் போனார்?" என்றேன். "வெறும் புண் தம்பி, காலில் பட்டது. ஆறவே இல்லை, பிறகு காலை எடுத்துவிட்டார்கள்" என்றார். நான் சதுரத்துக்குப் பக்கத்தில் இனிப்புநீர் (நீரிழிவு) என்று எழுதிக் கேள்விக்குறி போட்டேன். பாட்டி? "கண் மங்கிவிட்டது, உடம்பு வற்றிவிட்டது, ராத்திரி முழுக்கத் தண்ணீர் கேட்பாள்." அதற்குக் கேள்விக்குறி தேவைப்படவில்லை.

பிறகு அப்பா. எனக்குப் பதினான்கு வயதில் போனார். வாயு அடைத்துப் போனார் என்றுதான் வீட்டில் முப்பத்தாறு வருடமாகச் சொல்லி வந்தோம். அத்தை சொன்னார்: "வெட்டு முடிந்து வந்தவன் படியில் உட்கார்ந்தான். சட்டை நனைந்து போயிருந்தது. இடது கை கடுக்கிறது என்றான். நான் இஞ்சி தட்டிக் கொடுத்தேன்." பேனா என் கையிலேயே நின்றுவிட்டது. அது வாயு இல்லை, மாரடைப்பு. அப்போது அப்பாவுக்கு வயது 50. அத்தையிடம் அதை நான் சொல்லவில்லை. இஞ்சி தட்டிக் கொடுத்த கை அது.

தந்தைக்கோ உடன்பிறந்த ஆணுக்கோ 55 வயதுக்கு முன், தாய்க்கோ உடன்பிறந்த பெண்ணுக்கோ 65-க்கு முன் இதயநோய் வந்திருந்தால், பிள்ளைகளின் அபாயம் கூடுதல் என்று மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். தாளை மடித்து எடுத்துப்போய்க் கிளினிக்கில் காட்டினேன். மருத்துவர் என் முகத்தைவிட அந்தத் தாளைத்தான் அதிக நேரம் பார்த்தார். எடை 66 கிலோ, உயரம் 168 சென்டிமீட்டர், உடல் நிறை எண் (பிஎம்ஐ) 23.4. பழைய கணக்குப்படி 25 வரைக்கும் கவலையில்லை. ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2004-லேயே ஆசியர்களுக்கு 23-இலிருந்தே கவனம் வேண்டும் என்று சொல்லிவிட்டது. இடுப்பு 94 சென்டிமீட்டர். நம்மவர்களில் ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80-தான் எல்லை. அதே 2004-இல் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் தங்கள் உடம்பையே அளந்து வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியான உடம்புக்குள் ஒளிந்திருக்கும் கொழுப்பு. என் பெரியப்பா ஒல்லி, பாட்டி ஒல்லி, நானும் ஒல்லிதான்.

இரத்தத்தில் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவு (எச்பிஏ1சி) 6.1 சதவீதம் என்று வந்தது. நம் நாட்டு வழிகாட்டி 6.3-ஐத் தொட்டாலே நீரிழிவு என்கிறது. பல நாடுகளில் அந்தக் கோடு 6.5. பச்சை நிறத்தில் நிம்மதி கொடுத்த பெட்டி எங்கே, வாசற்படியில் நோய் நிற்கிறது என்று காட்டிய ஒரு வெள்ளிச் சோதனை எங்கே!

இதைப் படித்துவிட்டு யாரும் "நம் இரத்தமே அப்படி" என்று உட்கார்ந்துவிடக் கூடாது. அந்தப் பேச்சு எனக்குக் கோபம் வரவைக்கும். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் நாட்டில் வயது வந்தோரில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியரிடையே அது 30 சதவீதத்துக்கும் மேல். ஆனால் 'இந்தியர்' என்பது பாரத்தில் நிரப்பும் கட்டம். அதற்குள் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி எல்லோரும் இருக்கிறோம். மனிதரிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது என்று 1972-இலேயே மரபியலாளர் லெவன்டின் கணக்கிட்டுக் காட்டினார். தவிர, விடியுமுன் எழுந்து நிரை நிரையாக நடந்து பால் வெட்டிய காலும், இன்று தொழிற்சாலை வேனில் ஏறி இறங்கும் காலும் ஒரே குடும்பத்துக் கால்கள். மரபணு மாறவில்லை, நடை நின்றுவிட்டது. ரொட்டி சானாயும் கெட்டிப்பால் தேநீரும் தினம் இரண்டு வேளை ஆகிவிட்டன.

கொடிவழிக்கும் குறை உண்டு. தத்துப்பிள்ளைக்கு அது உதவாது. வெட்கப்பட்டு மறைத்த நோய்கள் அதில் ஏறாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, கடத்துநர்களை, அதாவது தாங்கள் நோயுறாமல் நோயின் மரபணுவைச் சுமப்பவர்களை, அது காட்டாது. மருமகனே, உன் கேள்விக்கு நேர்ப்பதில் இங்கேதான் இருக்கிறது. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் கடத்துநருக்கு எந்தத் தொல்லையும் தெரியாது. இருவரும் கடத்துநராக இருந்து மணந்தால் ஒவ்வொரு கருவிலும் நாலில் ஒரு வாய்ப்பு, பிள்ளை கடும் தலசீமியாவோடு பிறக்கும். மாதாமாதம் இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும். நான்காம் படிவ (16 வயது) மாணவர்களுக்கு அரசாங்கம் இந்தச் சோதனையை 2016-இல் தொடங்கியது. நீ நான்காம் படிவத்தை அதற்கு முந்தைய வருடம் முடித்தவன். என் பெட்டியின் அறிக்கையிலோ தலசீமியா என்ற சொல்லே இல்லை. கிளினிக்கில் கேட்டால் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். நீயும் பெண்ணும் சேர்ந்தே போய் வாருங்கள்.

மரபணுச் சோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரணம் தெரிந்து, மருத்துவர் கேட்டுச் செய்யும் சோதனை உயிர் காக்கும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின் மருந்து, எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ள சிலருக்குத் தோலையே உரித்துவிடும். 2004-இல் தைவானில் இதைக் கண்டுபிடித்தார்கள். தென்கிழக்கு ஆசிய மக்களிடம் அது கூடுதலாக இருப்பதால், மருந்தைத் தொடங்குமுன் பார்த்துக்கொள்வது நல்லது. இங்கே வம்சாவளி உண்மையாகவே கணக்கில் வருகிறது. எதைத் தேடுகிறோம் என்று தெரிந்து தேடுவதால் பயன் தருகிறது. எதைத் தேடுவது என்று சொல்வதே கொடிவழிதான்.

பராமரிப்பு பற்றி ஒரு வார்த்தை. எச்சில் ஒருமுறை போனால் தரவு அவர்களிடம். இத்தகைய பெட்டிகளை விற்ற 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 இலட்சம் பேரின் விவரம் திருடு போனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. காலண்டர் தாள் என் அலமாரியில் இருக்கிறது. ஆனால் அதற்கும் ஆள் வேண்டும். அத்தைக்குப் பிறகு சித்தியின் வீட்டுக் கதை சொல்ல யாருமில்லை என்பதால் போன வாரம் மறுபடி போய் ஆறு வட்டங்களைச் சேர்த்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் விருந்துக்கு அழைத்திருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பாட்டிக்கு ஞாபகம் நன்றாக இருக்கிறதாம். போகும்போது ஒரு காலண்டர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள். சாப்பாடு முடிந்ததும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, அவர் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று மெல்லக் கேள்.