கலர் சார்ட்டரும் சிவப்புப் பொத்தானும்: ஒரு ரைஸ்மில் அனுபவம்

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ரைஸ்மில்லில் கலர் சார்ட்டர் போட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. பிசானம் அறுப்பு முடிந்து அம்பை 16 நெல் வந்து குவியும் மாசி, பங்குனியில் ராப்பகலாக ஓடும். கருப்பு அரிசியையும் பழுப்பையும் கேமராவில் பார்த்துக் காற்றால் அடித்துத் தள்ளும் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் எழுத வந்தது, அவசரத்தில் மெஷினை நிறுத்த முன்பக்கம் மஞ்சள் தட்டில் இருக்கும் சிவப்புப் பொத்தானைப் பற்றி.

மெஷின் வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி, அதை அமுக்கினால் எதெல்லாம் நிற்கும் என்பது. எங்களுடையதில் அரிசியை அதிர்த்து அனுப்பும் வைப்ரேட்டர், காற்றடிக்கும் எஜெக்டர், கண்ணாடி துடைக்கும் வைப்பர் மூன்றும் நிற்கும். திரை எரிந்துகொண்டே இருக்கும், அதாவது உள்ளே கரண்ட் இருக்கிறது. கம்ப்ரசர் டேங்கில் காற்றும் அப்படியே இருக்கும். ஹாப்பர் தொட்டிக்கு அரிசி ஏற்றும் எலிவேட்டருக்கும் பொத்தானுக்கும் முதலில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மாட்ட வந்தவர்கள் சார்ட்டருக்கு மட்டும் வயர் இழுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆபத்து அதிகம் இருப்பதோ எலிவேட்டரின் அடிக்குழியில்தான். அரிசி அடைத்துக்கொண்டால் கையை விட்டுத் தோண்டத் தோன்றும் இடம். புதிதாக வந்த பையன் ஒருவன் அதன் மூடியைக் கழற்றப் போனான். "அதான் அமுக்கியாச்சுல்லா அண்ணாச்சி" என்றான். "சார்ட்டர்தாம்ல நின்னுருக்கு, பெல்ட் ஓடுத சத்தம் கேக்கலையா?" என்று ஆபரேட்டர் அவன் தோளைப் பிடித்து இழுத்தார். அதற்கு அப்புறம்தான் எலக்ட்ரீஷியனை வரவழைத்து, அமுக்கியதும் கரண்டைத் துண்டிக்கும் சேஃப்டி ரிலே வைத்து, எலிவேட்டர் மோட்டாரும் சேர்ந்து நிற்கும்படி மாற்றினோம். குழி ஓரத்தில் இன்னொரு பொத்தானும் வைத்தோம். ஓடும் மெஷினின் சக்தியை அவசரத்தில் துண்டிக்க ஒவ்வொரு வேலைக்கூடத்திலும் சாதனம் வேண்டும் என்று 1948ஆம் வருஷத்துப் பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவிலேயே இருந்தது. அவசரப் பொத்தான்களுக்கான ஐஎஸ்ஓ 13850 என்ற சர்வதேசத் தரம், பொத்தான் ஆள் நிற்கும் தளத்திலிருந்து 0.6 மீட்டருக்கும் 1.7 மீட்டருக்கும் இடையில் இருக்கச் சொல்கிறது. உயரமெல்லாம் சரிதான். அதன் முன்னால் மூட்டை அடுக்காமல் பார்த்துக்கொள்வதுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

ஒரு நாள் ராத்திரி யாரும் தொடாமலே எல்லாம் நின்றுபோனது. தேடிப் பார்த்தால், பொத்தானுக்குப் போகும் வயரை எலி கடித்திருந்தது. மெஷின் கெட்டுவிட்டது என்று முதலாளி பதறினார். உண்மையில் அது ஒழுங்காக இருப்பதற்கு அடையாளம். அந்த வயரில் எப்போதும் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். பொத்தானை அமுக்கினாலும் வயர் அறுந்தாலும் அது துண்டாகி மெஷின் நிற்கும். இதையே தலைகீழாக, அமுக்கினால் மட்டும் கரண்ட் பாய்கிற மாதிரி வைத்திருந்தால், எலி கடித்ததே நமக்குத் தெரிந்திருக்காது. அவசரத்துக்கு அமுக்கும்போதுதான் தெரியும்.

இதற்கும் தப்புகிற கோளாறு ஒன்று உண்டு. பொத்தானின் தலை முன்னால் இருக்க, பின்னால் மாட்டியிருக்கும், கரண்டைத் துண்டிக்கும் காண்டாக்ட் பிளாக் கழன்று விழுந்துவிடும். வெளியே பார்க்க எல்லாம் நன்றாக இருக்கும், அமுக்கினால் ஒன்றும் நடக்காது. கழன்றாலே மெஷினை நிறுத்திவிடும் செல்ஃப் மானிட்டரிங் பிளாக் கிடைக்கிறது. பொத்தான் மாற்றும்போது அதையே கேட்டு வாங்குங்கள். இருந்தாலும் மாதம் ஒரு முறை சும்மா ஓடவிட்டு அமுக்கிப் பார்த்துவிடுவோம். திருகி விடுவித்ததும் தானாக ஓடக் கூடாது. பச்சைப் பொத்தானைத் தொட்ட பிறகே ஓட வேண்டும். கரண்ட் போய் வந்தாலும் அப்படித்தான்.

தினசரி நிறுத்துவதற்கு இதைப் பயன்படுத்த விடுவதில்லை. அரிசி, சறுக்கி இறங்கும் சூட் என்ற சரிவுத் தகட்டிலேயே தங்கிவிடும், புழுங்கல் ஈரமாக இருந்தால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். முதலில் அரிசி வருவதை நிறுத்தி, சூட் காலியான பிறகே திரையில் அணைக்கிறோம். கண்ணாடி துடைக்கவோ வைப்பர் ரப்பர் மாற்றவோ கதவைத் திறப்பதென்றால் அதுவும் போதாது. மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டுச் சாவியை வேலை செய்பவர் பையில் வைத்துக்கொள்வார். காற்று வால்வை மூடி, குழாயில் மிச்சமிருப்பதைப் புஸ்ஸென்று வெளியே விட்டுவிடுவோம். இல்லாவிட்டால் பாதியில் நின்ற வைப்பர் மிச்சக் காற்றில் சட்டென்று நகரும்.

எனக்கு இருக்கிற ஒரே மனக்குறை, பின்பக்கக் கதவருகே பொத்தானே கிடையாது. அங்கே நிற்பவர் மெஷினைச் சுற்றி முன்னால் ஓடி வர வேண்டும். கம்பெனி ஆளிடம் சொன்னால் "அடுத்த சர்வீஸில் பார்க்கலாம்" என்கிறார். புதிதாக வாங்குகிறவர்கள் கொட்டேஷனிலேயே பின்பக்கப் பொத்தானையும் எலிவேட்டர் இணைப்பையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.