காபிக் கிடங்குக்கு ஒரு கீபேட்: பழைய இன்டர்காம் கேபிளிலேயே இணைத்துத் தந்த சேலம் எலக்ட்ரீஷியனின் வேலை

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் உள்ள எங்கள் சிறு தோட்டத்தில், வீட்டுக்கும் காபிக் கிடங்குக்கும் இடையே 110 மீட்டர் சரிவு இருக்கிறது. திருட்டு அலாரத்தின் பேனலும் (கட்டுப்பாட்டுப் பெட்டி), அதைப் போடவும் நிறுத்தவும் உதவும் பொத்தான் பலகையான ஒரே கீபேடும் வீட்டில் இருந்தன. பழம் பறிக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களில், விடியற்காலையில் மேஸ்திரி கிடங்கைத் திறக்க வேண்டுமானால், பனிமூட்டத்தில் வீட்டுக்கு ஏறி வந்து அலாரத்தை நிறுத்திவிட்டுத்தான் திரும்ப இறங்க வேண்டும். இந்த அலைச்சலுக்கு அஞ்சியே பல இரவுகள் அலாரத்தைப் போடாமல் விட்டிருக்கிறோம். கிடங்கிலேயே இன்னொரு கீபேட் வைப்பது என்று முடிவு செய்தோம்.

முதலில் வந்தவர், கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே கீபேட் ஒயரையும் இழுத்துவிடலாம் என்றார். 230 வோல்ட் ஒயரோடு 12 வோல்ட் ஒயர் உரசிக் கிடந்தால், ஓரிடத்தில் இன்சுலேஷன் தேய்ந்தாலும் கீபேடைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து என்பதால் அவரை அனுப்பிவிட்டேன். அடுத்து வந்த சேலத்து எலக்ட்ரீஷியன், மண்ணுக்குள் கிடந்த ஐந்து ஜோடி இன்டர்காம் கேபிளைக் கண்டதும், "சார், மொதல்ல அளந்து பார்த்துக்கறேன், அப்புறம் ரேட் சொல்றேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கிடங்கு முனையில் ஒவ்வொரு ஜோடியையும் முறுக்கிச் சேர்த்து, வீட்டு முனையில் மல்டிமீட்டர் வைத்து அளந்தார். நான்கு ஜோடிகள் 19 ஓம் அளவில் காட்டின. அரை மில்லிமீட்டர் செம்புக் கம்பி போய்வரும் 220 மீட்டருக்கு அதுவே சரியான கணக்கு. ஈரம் இறங்கிப் பழுதாகியிருந்த ஐந்தாவது ஜோடியை ஒதுக்கிவிட்டார். கீபேடுக்கு நான்கு கம்பிகள் போதும்: மின்சாரத்துக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ்; தகவல் போக டேட்டா, அதற்குத் தாளம் கொடுக்கக் கிளாக். ஆனால் விளக்கும் பஸ்ஸரும் சேர்ந்து இயங்கும்போது கீபேட் 150 மில்லி ஆம்பியர் இழுப்பதால், ஒற்றைக் கம்பியில் கிட்டத்தட்ட 3 வோல்ட் வழியிலேயே போய்விடும். பேனலில் 13.8 வோல்ட் இருக்கும்வரை அது தெரியாது. கரண்ட் நின்று பேனல் பேட்டரியில் ஓடும் இரவில்தான் கீபேட் செத்துப்போகும். மலையில் மழைக்காலத்தில் அப்படிப்பட்ட இரவுகளுக்குக் குறைவில்லை.

ஆகவே எட்டுக் கம்பிகளையும் அவர் பயன்படுத்தினார். பாசிட்டிவுக்கு மூன்று, நெகட்டிவுக்கு மூன்று. இழப்பு 1 வோல்ட்டுக்குள் அடங்கியது. டேட்டாவையும் கிளாக்கையும் ஒரே ஜோடியில் முறுக்கிவிட்டால் ஒன்றன் சிக்னல் மற்றொன்றில் ஏறிக் குழப்பும் என்று சொல்லி, இரண்டையும் வெவ்வேறு ஜோடிகளில், ஒவ்வொன்றோடும் ஒரு நெகட்டிவ் கம்பியைத் துணையாக வைத்து இணைத்தார். கிடங்குக் கதவின் காந்த சுவிட்சைக் கீபேடிலேயே உள்ள ஜோன் முனையில் (சென்சார் இணைக்கும் இடம்) சேர்த்ததால், அதற்கென்று தனிக் கம்பி தேவைப்படவில்லை. முடிவில் மெயினை அணைத்து ஒரு மணி நேரம் விட்டு, சைரன் அலறும்போதே கீபேட் முனையில் அளந்து காட்டினார்: பேனலில் 12.4, கிடங்கில் 11.4.

குறை என்று சொல்ல ஒன்று உண்டு, அது சிறியதும் அன்று. அவர் கொடுத்த முதல் பட்டியலில், மின்னல் வீச்சைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு இடையே புதைந்த கேபிள், சித்திரை வைகாசி இடிமழையில், அருகில் மின்னல் விழுந்தாலே அதன் வீச்சை நேராகப் பேனலுக்குக் கொண்டுவந்துவிடும். நானே கேட்ட பிறகுதான் இரு முனைகளிலும் அரெஸ்டர் பொருத்தி, அந்தந்தக் கட்டடத்தின் எர்த்தோடு இணைத்தார். கேட்கத் தெரியாத வாடிக்கையாளருக்கும் இதை அவரே முதலில் சொல்லியிருக்க வேண்டும். கிடங்குப் பக்கத்து இணைப்புகளை முதலில் வெறும் டேப் சுற்றி விட்டிருந்ததையும் குறிப்பிட வேண்டும். சொன்னதும் மறுக்காமல் ஜெல் நிரப்பிய கனெக்டர்களாக மாற்றித் தந்தார்.

கூலி மட்டும் 3,500 ரூபாய் ஆயிற்று. பொருள்களைச் சேலத்தில் நானே வாங்கிக் கொடுத்தேன். 110 மீட்டருக்குப் பள்ளம் தோண்டாமலும் காபிச் செடிகளின் வேரை வெட்டாமலும் வேலை முடிந்ததற்கு அது நியாயமான தொகை. எந்த நிறக் கம்பி எந்த முனையில் போகிறது என்று தமிழில் எழுதிய தாளைப் பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவிட்டுத்தான் அவர் மலையிறங்கினார்.