பழைய பைப் புகையிலை டின் வாங்குகிறீர்களா? அடிப்பக்கத்தைப் பாருங்கள்

பிரிட்டனில் பழைய பைப் புகையிலை டின்களைத் தேடி அலைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். "1960களின் டன்ஹில், மை மிக்ஸ்சர் 965, சீல் உடையாதது" என்று சொல்லி ஒருவர் என்னிடம் 180 பவுண்டு வாங்கிக்கொண்டார். வந்தது அறுபதுகளின் டின்னும் இல்லை, சீலும் உடைந்திருந்தது.

ஒரு டின்னுக்கு இவ்வளவு விலையா என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். ஆல்பிரட் டன்ஹில் 1907இல் லண்டன் டியூக் தெருவில் கடை திறந்தார். வாடிக்கையாளர் கேட்டபடி இலைகளைக் கலந்து கொடுத்து, அந்தக் கலவைக்கு ஓர் எண் போட்டுப் பதிவேட்டில் எழுதி வைப்பது அங்கே வழக்கம். 965 அப்படி வந்த எண். 1981இல் தயாரிப்பு பெல்ஃபாஸ்டின் மரே நிறுவனத்துக்கும், 2005இல் அந்த ஆலை மூடப்பட்டதும் டென்மார்க்குக்கும் போனது. 2018இல் டன்ஹில் பெயரில் பைப் புகையிலை வருவதே நின்றது. சேகரிப்பவர்கள் உயிரை விடுவது 1981க்கு முந்தைய லண்டன் டின்களுக்குத்தான். ஒரே பெயர் போட்ட இரண்டு டின்களின் விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கும். ஏமாற்றுகிறவர் புகுந்துகொள்வது அந்த இடைவெளியில்தான்.

விற்றவர் போட்டிருந்த படங்களில் மூடி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. அடிப்பக்கத்தைக் கேட்டேன். அனுப்பினார்; நடுவில் மஞ்சளேறிய விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. பழைய கடைச் சீட்டு என்றால் நம்பகத்தன்மை கூடத்தானே செய்யும்! டின் கைக்கு வந்ததும் ஆவி காட்டி அந்தச் சீட்டை உரித்தேன். அடியில் பார்கோடு. கடையில் ஒரு பொருள் முதன்முதலாகப் பார்கோடு வழியாக ஸ்கேன் ஆனதே 1974 ஜூனில், அதுவும் அமெரிக்காவில். படத்தில் காட்டாத பக்கத்தில் எடை 50 கிராம் என்றிருந்தது. அறுபதுகளின் பிரிட்டிஷ் டின் என்றால் அவுன்ஸ் கணக்கு இருந்திருக்க வேண்டும். ஆக, இது பெரும்பாலும் மரே காலத்துச் சரக்கு.

சரி, மரே காலத்துப் புகையிலையும் மோசமில்லை, குடித்துப் பார்ப்போம் என்று மூடியின் விளிம்பில் நாணயத்தை விட்டு நெம்பினேன். உள்ளே வெற்றிடம் இருந்தால் காற்று புகும் 'உஸ்' சத்தம் கேட்கும். கேட்கவில்லை. மூடியைச் சுற்றிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மெல்லிய கோடாகப் பசை.

மேல் அடுக்கு விரலில் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஒரு பைப் நிரப்பிப் பற்றவைத்தேன். லட்டாக்கியா இலையைப் புகை மூட்டித்தான் பதப்படுத்துவார்கள். 965இல் தூக்கலாக இருக்க வேண்டியது அந்த வாசனைதான். என் வாயில் நின்றது காகிதம் எரிந்த ருசி. அப்புறம் அடியில் கிளறினால் ஈரம், அதன் மேல் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. காய்ந்துபோன சரக்கில் தண்ணீர் தெளித்து மூடி ஒட்டியிருக்கிறார்கள். குலுக்கினால் சருகுச் சத்தம் வராமல் இருக்க இது ஒரு வழி.

விற்றவருக்குப் படம் அனுப்பினேன். "அது சர்க்கரைப் படிகம், வயதான புகையிலைக்கு அதுதான் அழகு" என்று பதில் வந்தது. படிகம் என்று ஒன்று இருப்பது உண்மைதான். வர்ஜீனியா வகை இலை பல வருடம் கிடந்தால் மேலே மினுமினுக்கும். ஆனால் அது கடினமாக, வெளிச்சத்தில் மின்னும். பூஞ்சணம் மின்னாது, நூல் நூலாக எழும்பி நிற்கும், ஈரச் சுவர் நாற்றம் அடிக்கும். புகையிலையே உடம்புக்குக் கேடு, அதில் பூஞ்சணத்தையும் சேர்த்து இழுக்க வேண்டாம். மொத்தத்தையும் குப்பையில் கொட்டினேன்.

பணம் திரும்பவில்லை. "நான் விற்றது சேகரிப்புக்கான டப்பா, உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை" என்பது அவருடைய கடைசி பதில். இந்த வியாபாரத்தில் பாதிப் பேர் வங்கிப் பரிமாற்றம் மட்டும்தான் கேட்கிறார்கள். கார்டு வாங்குகிற கடையாக இருந்து, கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேல் கொடுத்திருந்தால், பிரிட்டனின் நுகர்வோர் கடன் சட்டம் பிரிவு 75இன்படி வங்கியிடம் கேட்டிருக்கலாம்.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் டின்னைத் தராசில் வைத்து எடுத்த படம் கேளுங்கள். அதே வகை டின் வைத்திருக்கும் நண்பரிடம் ஒப்பிட்டுப் பாருங்கள். சீல் போய் உலர்ந்திருந்தால் சில கிராமாவது குறைந்திருக்கும். அடித் தையலிலும் லேபிள் ஓரத்திலும் துருப்புள்ளி இருக்கிறதா என்று நெருங்கி எடுத்த படமும் வேண்டும். ஊசிமுனை ஓட்டை ஒன்று போதும், உள்ளே எல்லாம் போய்விடும். இன்னொன்று: லட்டாக்கியா கலவை ஐம்பது வருடம் கிடந்தால் புகை வாசனை மங்கத்தான் செய்யும். ருசிக்காக என்றால் பீட்டர்சன் என்ற பைப் நிறுவனத்தின் பெயரில் அதே 965 புதிதாகவே வந்தது; அதைக் குடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அந்த ஆள் இன்னும் விற்கிறார். இப்போது டன்ஹில்லின் இன்னொரு கலவையான 'நைட்கேப்' டின் போட்டிருக்கிறார், அதுவும் அறுபதுகளாம். அடிப்பக்கத்தில் அதே மாதிரி மஞ்சள் சீட்டு. வாங்க நினைப்பவர்கள், சீட்டை உரித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள்.