பொத்துவிலில் இருந்து காலிக்கு: ஐந்து வருடம் பஸ் ஏறி இறங்கிய அனுபவம்

மகனுக்கு ருகுணு பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிடைத்தது 2018இல். பீடம் இருப்பது காலியில், ஹாப்புகல என்ற இடத்தில். ஊரில் யாராவது "மகன் எங்க?" என்று கேட்டால் "காலி" என்பேன். கேட்டவர் ஒரு கணம் முழிப்பார். அந்தப் பகிடி ஐந்து வருடம் ஓடியது.

எங்கள் ஊர் தம்பிலுவிலில் இருந்து காலிக்கு எப்படிப் போவது என்று கேட்டபோது எல்லோரும் கொழும்பு வழியைத்தான் சொன்னார்கள். அக்கரைப்பற்றில் இரவு பஸ் ஏறு, விடியக் கொழும்பில் இறங்கு, மாகும்புரைக்குப் போய் அதிவேகப் பாதை பஸ்ஸைப் பிடி, அவ்வளவுதான் என்றார்கள். இரண்டு தடவை அப்படிப் போனேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. இரவு முழுக்க உட்கார்ந்து கால் வீங்கி, ஹாப்புகலவில் இறங்கும்போது மகன் முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல, காலை.

மூன்றாம் தடவை தேசப்படத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். எங்கள் வாசலால் போகிற ஏ4 வீதி மட்டக்களப்பில் இருந்து பொத்துவில், மொனராகலை, வெல்லவாய, இரத்தினபுரி வழியாகக் கொழும்புக்குப் போகிறது. கொழும்பில் இருந்து காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை வழியாக வருகிற ஏ2 வீதி அதே வெல்லவாயவில் வந்து முடிகிறது. ஆக இரண்டே வீதி, வெல்லவாயவில் ஒரு திருப்பம். பொத்துவிலில் இருந்து கணக்குப் பார்த்தால் சுமார் 300 கிலோமீற்றர். அதற்குப் பிறகு நான் கொழும்பைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போகிற முறை இதுதான். கோமாரி தாண்டி விடியப் பொத்துவிலுக்கு வந்துவிட வேண்டும். அங்கே மொனராகலை பஸ். மொனராகலையில் மாத்தறைக்கு நேர் பஸ் கிடைத்தால் அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் வெல்லவாய வரை ஒன்று, அங்கிருந்து மாத்தறைக்கு இன்னொன்று. மாத்தறையில் இருந்து காலிக்கு பஸ்ஸும் உண்டு, ரயிலும் உண்டு. காத்திருக்கிற நேரத்தையும் சேர்த்தால் ஒன்பது, பத்து மணித்தியாலம் பிடிக்கும். பகல் பயணம் என்பதால் உடம்புக்குத் தெரியாது.

பொத்துவிலில் இருந்து லகுகலை வரைக்கும்தான் இந்த வழியின் அழகெல்லாம். வெயில் காலத்தில் குளத்துக்கு யானை இறங்கும். ஓகஸ்ட் மாதம் ஒரு நாள் விடிய, வீதிக்குக் குறுக்கே ஒரு கொம்பன் அசையாமல் நின்றது. சாரதி ஹோன் அடிக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஸ்டியரிங்கில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு பார்த்திருந்தார். பஸ்ஸுக்குள் அழுதுகொண்டிருந்த குழந்தைகூட நிறுத்திவிட்டது. யானை தும்பிக்கையால் புல்லைப் பிடுங்கி, முன்னங்காலில் தட்டி மண்ணை உதறி, வாயில் வைத்தது. இன்னொரு பிடி. அதற்குப் பிறகு காட்டுக்குள் போனது. பத்து நிமிடம் போயிருக்கும். யாரும் நேரம் பார்க்கவில்லை.

சியம்பலாண்டுவ தாண்டினால் தமிழ் காதில் விழாது. பெயர்ப்பலகையில் தமிழ் இருக்கும், நடத்துனரின் வாயில் இருக்காது. என்னுடைய சிங்களம் "கீயடத?" (எத்தனை மணிக்கு?) என்பதோடு சரி, அதுவும் பதில் விளங்காது. முதல் வருடம் மாட்டுப்பட்டதும் அதனால்தான். வெல்லவாயவில் ஒரு தனியார் பஸ்காரர் "மாத்தற, மாத்தற" என்று கத்தினார், ஏறினேன். தங்காலையில் எல்லோரையும் இறக்கிவிட்டு, பின்னால் வருகிற பஸ்ஸில் ஏறச் சொல்லிவிட்டார். கொடுத்த காசு போனதுதான். அன்றில் இருந்து பஸ்ஸில் ஏற முன்னர், உள்ளே இருக்கிற பயணி ஒருவரிடம் கேட்பேன். நடத்துனர் பொய் சொன்னாலும் பயணி சொல்லமாட்டார்.

தயிர்க் கதையைச் சொல்லாமல் விட முடியாது. மகனுக்கு எருமைத் தயிர் என்றால் உயிர். மனைவி ஒரு சட்டித் தயிரைக் கடதாசியால் மூடி, கயிறு கட்டி, என் மடியில் வைத்து அனுப்பினாள். புத்தல வரை பத்திரமாக வந்தது. அதற்குப் பிறகு ஒரு திருப்பத்தில் சட்டி சரிந்து, தண்ணி வடிந்து, என் சாரம் நனைந்து, பக்கத்தில் இருந்த அம்மாவின் பைக்கும் போய்விட்டது. அவ ஏசவில்லை. பையில் இருந்து ஒரு பழைய துணியை எடுத்துச் சட்டியைச் சுற்றிக் கட்டித் தந்தா. கட்டும்போது சிரித்துச் சிரித்து ஏதோ சொன்னா, எனக்கு விளங்கவில்லை. தணமல்வில தாண்டி வீரவிலப் பக்கம் போனபோதுதான் விளங்கியது. வீதியோரம் கடை கடையாகத் தயிர்ச்சட்டி தொங்குகிறது! கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் நான். அடுத்த தடவை வெறுங்கையோடு போய் அங்கேயே வாங்கினேன். மகன் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "அப்பா, இது நம்மட இல்லையே" என்றான். ஆனால் சட்டி காலி.

அம்பாந்தோட்டையில் இருந்து மாத்தறை வரை எனக்குச் சலிப்பு. உப்பளம், வெயில், நெரிசல். பலரும் அங்கே தூங்குவார்கள், நானும்தான். ஆனால் மாத்தறைக்குச் சற்று முன்னால், தெவிநுவரவில் மட்டும் விழித்திருங்கள். நம்மவர்கள் தேவேந்திரமுனை என்று படித்த இடம் அது. 1588இல் போர்த்துக்கீசர் இடித்துத் தள்ளிய பெருங்கோயில் அங்கேதான் இருந்தது. சீனத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் திகதியிட்டு ஒரு கல்வெட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தார்: சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. அதில் தமிழ்ப் பகுதி புகழ்வது இந்த ஊர்த் தெய்வமான தெனவரை நாயனாரை. அந்தக் கல் 1911இல் காலியில் ஒரு மதகடியில் கிடைத்தது, இப்போது கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. மகனுக்கு இதைச் சொன்னேன். "மதகுக்கு நல்ல கல்லாத்தான் பார்த்துப் போட்டிருக்காங்க" என்றான். பொறியியல் படிக்கிற பிள்ளையிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது.

காலி பஸ் நிலையத்தில் இறங்கினால் முன்னால் கிரிக்கெட் மைதானம், அதற்குப் பின்னால் கோட்டை மதில். 2004 சுனாமியில் தண்ணி பாய்ந்து பஸ்களை உருட்டிய இடம் இதுதான். மதிலுக்கு உள்ளே இருந்த ஊர் பெரும்பாலும் தப்பியது. இலங்கையில் அதிக உயிர் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில். எங்களுக்கு மதில் இருக்கவில்லை. அந்த நிலையத்தில் நின்று நான் ஒருநாளும் தேத்தண்ணி குடித்ததில்லை, நேரே அடுத்த பஸ்தான்.

கோட்டையைப் பற்றி மட்டக்களப்பார் யாரும் பெரிதாக வாய் பிளக்கத் தேவையில்லை. போர்த்துக்கீசர் 1628இல் கட்டிய கோட்டை நம்மிடமும் உண்டு, ஒல்லாந்தர் அதை 1638இல் பிடித்துவிட்டார்கள். காலியைப் பிடித்தது 1640இல்தான். ஆனால் நம்முடைய கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரிதான் (மாவட்டச் செயலகம்) இருந்தது, கையெழுத்து வாங்கத்தான் போவோம். காலிக் கோட்டைக்குள் ஒரு முழு ஊர் வாழ்கிறது: பள்ளிக்கூடம், நீதிமன்றம், 1755இல் கட்டி முடித்த ஒல்லாந்தர் தேவாலயம், வெளிச்சவீட்டடியில் பள்ளிவாசல். ஒரு சந்தில் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் என்னோடு தமிழில் கதைத்தார். பத்து மணித்தியாலத்துக்குப் பிறகு காதில் விழுந்த தமிழ் என்பதால் தேவையில்லாத ஒரு தொப்பியும் வாங்கினேன். கோட்டையின் கழிவுக் கான்களை ஒல்லாந்தர் கடல் ஏற்றத்தில் தானாகக் கழுவுப்படும்படி கட்டினார்கள் என்று மகன் அரை மணித்தியாலம் விளக்கினான். பாதி விளங்கியது. மாலையில் மேற்கு மதிலில் இருந்தோம். எங்கள் ஊரில் கடலில் இருந்து எழும்புகிற சூரியன் அங்கே கடலுக்குள் இறங்குகிறது. ஐம்பது வயதில் முதல்தரம் பார்த்தேன்.

இடையில் வந்த கெட்ட காலங்களையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகு சோதனைச் சாவடி சாவடியாகப் பையைத் திறந்து காட்டினோம். 2020இல் கொரோனா, பீடமே மூடியது. 2022இல் டீசல் இல்லை. கட்டணம் ஆறேழு மாதத்துக்குள் இரண்டு மடங்கைத் தாண்டியது, பஸ் வருமா என்பதே நிச்சயமில்லை. அந்த வருடம் ஒரு தடவைதான் போனேன். 2020 பெப்ரவரியில் அதிவேகப் பாதையை அம்பாந்தோட்டைப் பக்கம் வரை திறந்தார்கள் அல்லவா, ஒருமுறை வேன் பிடித்து அதிலும் போனோம். மத்தளைப் பக்கம் ஏறி பின்னதுவவில் இறங்கினால் காலி. உண்மையில் வேகம்தான். குடும்பமாக, வயதானவர்களோடு போகிறவர்களுக்கு அதுதான் சரி. தனி ஆளுக்கு வேன் காசு கட்டாது.

குடை எந்த மாதமும் வேண்டும். எங்கள் பக்கம் மார்கழி, தை மழையில் வீதி மூழ்கும்போது காலியில் வெயில். காலியில் ஆனி, ஆடி மழை கொட்டும்போது இங்கே கிணறு வற்றும். பொத்துவிலை அடுத்த உல்லையில் (அறுகம்குடாவில்) அலைச்சறுக்கும் வெள்ளைக்காரர்கள் இதைக் கச்சிதமாகப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஐப்பசியில் பலகையைத் தூக்கிக்கொண்டு தெற்குக் கரைக்குப் போகிறார்கள், சித்திரையில் திரும்பி வருகிறார்கள். பஸ்ஸின் கடைசி ஆசனத்தை அந்தப் பலகைகள் பிடித்துக்கொண்டால் நாம் நின்றுதான் போக வேண்டும்.

திரும்பி வருவதுதான் சிக்கல். காலியில் விடிய ஏறாவிட்டால் மொனராகலையில் பொத்துவில் பஸ்ஸைத் தவறவிடுவீர்கள். மகன் "சாப்பிட்டிட்டுப் போங்க அப்பா" என்று ஒருநாள் மறித்தான், பத்து மணிக்குப் பிறகுதான் ஏறினேன். மொனராகலைக்கு வந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. பஸ் நிலைய வாங்கில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். நடுச்சாமம் ஒரு நாய் வந்து காலடியில் சுருண்டது, துரத்த மனம் வரவில்லை. விடிய முதல் பஸ் ஸ்டார்ட் ஆனபோது அது எழும்பி, உடம்பை உதறிவிட்டு, அடுத்த வாங்குக்குப் போனது.