போனி எம்மின் கிறிஸ்துமஸ் ஆல்பம்: 1981 பதிவைத் தேடி வாங்குங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் போதும், மதுரையில் நரிமேடு, கீழவெளி வீதிப் பக்கம் ஸ்டார் கட்டிய வீடுகளில் எப்படியும் ஒன்றிலாவது போனி எம் என்ற டிஸ்கோ குழுவின் பாட்டு ஓடும். ஆனால் பல இடங்களில் கேட்பது அசல் பதிவு இல்லை. பிற்காலத் தொகுப்புகள் சிலவற்றில் பாட்டைப் பாதியில் வெட்டி அடுத்ததோடு ஒட்டியிருக்கிறார்கள். வேறு குழுக்கள் பாடியதும் இதே பெயரில் சுற்றுகிறது. தேட வேண்டியது 1981இல் வந்த ‘கிறிஸ்துமஸ் ஆல்பம்’.

அதன் உயிர் ‘மேரிஸ் பாய் சைல்ட் – ஓ மை லார்ட்’. 1978 கிறிஸ்துமஸுக்கே தனியாக வந்து பிரிட்டனில் முதலிடம் பிடித்த பாட்டு இது. ஜெஸ்டர் ஹேர்ஸ்டன் எழுதிய பழைய பாட்டோடு, தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனும் ஃபிரெட் ஜேயும் எழுதிய ‘ஓ மை லார்ட்’ பகுதியைக் கோத்திருக்கிறார்கள். குழுவின் பாடகி லிஸ் மிட்செல் எங்கேயும் கத்துவதில்லை. மாட்டுத்தொழுவத்துக் கதையைப் பேத்திக்குச் சொல்லும் பாட்டிபோல நிதானமாகத் தொடங்குகிறார். மேடையில் ஆடியவர் பாபி ஃபாரெல். தட்டில் கேட்கும் ஆண் குரலோ ஃபாரியனுடையது.

கீதபவனிக்கு, அதாவது வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவதற்கு, இதைப் பழகுகிறவர்கள் சுருதி விஷயத்தில்தான் மாட்டுகிறார்கள். முதல் அடிகள் தாழ்வாக இருக்கின்றன என்று கீபோர்டில் சுருதியை ஏற்றிவிடுவார்கள்; ‘ஓ மை லார்ட்’ வரும்போது தொண்டை அடைத்துவிடும். உச்சத்தில் வரும் அடியை முதலில் பாடிப் பார்த்துச் சுருதி வையுங்கள். அடுத்த தொல்லை, கைதட்டு சேர்ந்ததும் வேகம் கூடிவிடுவது. ஒருவர் தாம்பரீனை விடாமல் பிடித்தால் தாளம் ஓடாது.

‘லிட்டில் டிரம்மர் பாய்’ இன்னும் நுணுக்கம். ஒரே முழவுத்தாளம் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்க, மேலே குரல்கள் சேர்ந்து சேர்ந்து பெரிதாகும். டிரம் பேட் வாசிக்கிற தம்பி முதல் அடியிலேயே ஓங்கி அடித்துவிட்டால் கடைசியில் ஏற்ற எதுவும் மிச்சமிருக்காது.

‘சயான்ஸ் டாட்டர்’ பழைய ஐரோப்பிய இசையமைப்பாளர் ஹேண்டலின் மெட்டு. பாடகர் குழுவில் இருப்பவர்கள் கேட்டதுமே பிடித்துக்கொள்வார்கள். ‘ஃபெலிஸ் நாவிடாட்’ சின்னப் பிள்ளைகளுக்குச் சட்டென்று வந்துவிடும். ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ வெண்பனிப் பொழிவைப் பாடுகிறது. நம்மூர் மார்கழியில் அப்படிப் பனி கொட்டுவது ஏது? ஆனாலும் அந்த ஏக்கம் இங்கேயும் ஒட்டத்தான் செய்கிறது. ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மட்டும் சாதாரணம்தான், தாண்டிவிடலாம்.

கேட்கிற கருவியும் முக்கியம். கூம்பு ஸ்பீக்கரில் போட்டால் பேஸ் கிட்டார் காணாமல் போய்விடும். இந்தக் குழுவின் பாட்டு நிற்பதே அந்த பேஸ் மேல். டவுன்ஹால் ரோட்டில் விசாரித்து, வாடகைக்காவது ஒரு ஜோடி பெட்டி ஸ்பீக்கர் எடுங்கள். சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் இன்னும் கனக்கும். ஆம்ப்ளிஃபயரை முழுக்கத் திருகினால் லிஸ்ஸின் குரல் கரகரக்கும், கொஞ்சம் குறைத்தே வையுங்கள். பென் டிரைவில் ரொம்பச் சுருக்கிய 128 கேபிபிஎஸ் எம்பி3 இருந்தால் டிரம்ஸின் சிம்பல் சத்தமெல்லாம் ‘உஸ் உஸ்’ என்று இரையும்; 320 கேபிபிஎஸ் அல்லது சிடி நல்லது.

இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டருக்குள் எப்போதுமே கூடாது. பவனி நேரமாகிவிட்டால் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு ஒரு கிட்டாரோடு பாடுங்கள். ‘மேரிஸ் பாய் சைல்ட்’ அதற்கும் தாங்கும்.