எக்ஸ்பாற்: பிழைபட்ட பார்சரைத் திரும்பப் பாவிக்கலாமா?

யாழ்ப்பாணத்துப் பழைய பத்திரிகைக் கோப்புகளை எக்ஸ்எம்எல்லுக்கு (குறிச்சொற்களால் பகுக்கும் உரை வடிவம்) மாற்றுகிறவர்கள், அதைப் படித்துப் பகுக்கும் பார்சரான எக்ஸ்பாற் என்ற சி மொழி நூலகத்தைச் சோதித்துப் பார்க்க, யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துரு ஒன்றே போதும். பாமினியில் ‘ஈ’ என்பது விசைப்பலகையின் ‘<’ குறி; மெய்யெழுத்தின் புள்ளி ‘;’. ‘ஈழம்’ என்ற தலைப்பை யூனிகோடாக்காமல் அப்படியே விட்டால், புதிய குறிச்சொல் தொடங்குகிறதென்று பார்சர் நம்பி, அரைப்புள்ளியில் முட்டி, 4ஆம் இலக்கப் பிழையோடு நின்றுவிடும். அது காட்டும் நிரல் அரைப்புள்ளியின் இடம். ‘ஈ’யைத் தேடச் சற்றுப் பின்னால் போகவேண்டும். நிரல் 0இலிருந்து, வரி 1இலிருந்து எண்ணப்படுகிறது. பிழையைச் சொல்வதில் எக்ஸ்பாற்றுக்கு முழுப் புள்ளி.

திரும்பப் பாவிப்பதில்தான் புள்ளி குறைகிறது. நின்ற பார்சருக்கு அடுத்த கோப்பைக் கொடுத்தாலும் அதே பழைய பிழைதான் வரும். பார்சரைத் தொடக்க நிலைக்குத் திருப்பும் றீசெற்றைச் செய்தால் எழும்பும், ஆனால் வெறுங்கையோடு: குறிச்சொல், எழுத்துத் தரவு ஹான்ட்லர்கள் (அவை வரும்போது எக்ஸ்பாற் அழைக்கும் உங்கள் செயற்கூறுகள்) எல்லாம் கழன்றிருக்கும், உங்கள் தரவைக் காட்டும் பயனர் தரவுச் சுட்டியும் வெறுமையாகும். தெரியாத எழுத்துக் குறிமுறைக்கான ஹான்ட்லர் மட்டும் மிஞ்சும். இதை மறந்தால் அடுத்த கோப்பு பிழையில்லாமல் ஓடி முடியும், ஒரு கட்டுரையும் வெளியே வராது. பிழைச்செய்தி இல்லாத இந்தப் பிழைதான் ஆளைக் கொல்வது.

ஆகவே முதலில் பிழை இலக்கம், வரி, நிரலை எழுதிவையுங்கள். றீசெற் அவற்றையும் துடைத்துவிடும். பிறகு றீசெற், குறிமுறைப் பெயரையும் திரும்பக் கொடுத்து. பிறகு ஹான்ட்லர்களை மாட்டுங்கள். உங்கள் சொந்தக் குறிச்சொல் அடுக்கையும் பாதி சேர்ந்த உரையையும் எக்ஸ்பாற் தொடாது. அவற்றை நீங்களே வெறுமையாக்காவிட்டால் முந்திய கட்டுரையின் வால் அடுத்த தலைப்பில் ஒட்டிக்கொள்ளும். 2.4.0 பதிப்பில் வந்த விரிவாக்க எல்லையை (என்ரிற்றிகளால், அதாவது வேறு உரைக்குப் பதிலாக நிற்கும் பெயர்களால், கோப்பு பெருகிப்போவதைத் தடுப்பது; 100 மடங்கு, 8 மெபிபைற்றுக்குப் பிறகு) நீங்கள் மாற்றியிருந்தால், அதையும் மீண்டும் வையுங்கள். வெளிக் கோப்பில் உள்ள என்ரிற்றிக்காக உண்டாக்கிய துணைப் பார்சரில் றீசெற் பலிக்காது, பொய் என்று திரும்பும். அந்த விடையைச் சோதிக்காத புரோகிராம்களும் உண்டு. ஹான்ட்லருக்குள் நின்றுகொண்டு றீசெற்றையோ பார்சர் விடுவிப்பையோ அழைக்கவே வேண்டாம்.

ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகள் என்றால், ஒதுக்கிய நினைவகத்தில் ஒரு பகுதியைத் திரும்ப எடுக்கிறதால் இவ்வளவு பாடும் தகும். பத்து இருபது கோப்புக்கு விடுவித்துப் புதிதாக உண்டாக்குவதே மேல். பைதன்காரருக்கு இந்தத் தெரிவே இல்லை: அங்கே எக்ஸ்பாற்றைப் பாவிக்கும் பைஎக்ஸ்பாற் தொகுதியில் ஓர் ஆவணத்துக்கு ஒரு பார்சர்தான்.