காரைக்குடியில் ஒரு ‘அமெரிக்கா ரோஜா’

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் பழைய சாமான் தேடி வருகிறவர்கள் தேக்குத் தூண் பார்ப்பார்கள், மங்குச் சாமான் (எனாமல் பாத்திரம்) பார்ப்பார்கள். நான் பேப்பர் வெயிட் பார்க்கிறவன். தாலுகா ஆபீஸில் மனுக் கட்டின் மேல் உட்கார்ந்திருக்குமே, அந்தக் கண்ணாடிக் குண்டுதான். தேவகோட்டையில் பிசிக்ஸ் வாத்தியாராக இருந்து ரிட்டையர் ஆனவனுக்கு இது என்ன கிறுக்கு என்று வீட்டில் இன்னும் கேட்கிறார்கள்.

நியூஜெர்சியில் இருக்கும் மகள்தான் காரணம். அங்கே போயிருந்தபோது மில்வில் ஊரில் உள்ள கண்ணாடி மியூசியத்துக்குக் கூட்டிப்போனாள். மில்வில் பாட்டில் செய்த ஊர். அங்கிருந்த ‘விட்டால் டேட்டம்’ என்ற பாட்டில் கம்பெனியின் தொழிலாளிகள் வேலை நேரம் போக, தங்கள் ஆசைக்குச் செய்தவைதான் அந்த ஊர் பேப்பர் வெயிட்கள். அவர்களில் ரால்ஃப் பார்பர் என்பவர் 1905 முதல் 1912 வரையிலான காலத்தில் செய்த ரோஜாக்கள் பெயர் பெற்றவை. நிறக் கண்ணாடியை இதழ் வடிவ இரும்பு அச்சால் தெளிந்த கண்ணாடிக்குள் அழுத்தி மலர வைத்திருக்கிறார். இதழ் நுனியில் பால் போல ஒரு வெண்மை. அரை மணி நேரம் அதன் முன்னால் நின்றேன்.

போன மாதம் இந்தத் தெருவில் ஒரு கடையில் சிவப்பு ரோஜா வைத்த குண்டு ஒன்று கண்ணில் பட்டது. கடைப் பெயர் வேண்டாம். “பழைய அமெரிக்கா சரக்கு சார். ஆச்சி வீட்டுப் பெட்டியில இருந்துச்சு. ஊதிச் செஞ்சது” என்றார் கடைக்காரர். விலை 6,500.

ஊதிச் செய்தது என்றதுமே சந்தேகம் தட்டியது. பேப்பர் வெயிட் பெரும்பாலும் ஊதுகிற பொருளே இல்லை. இரும்புக் கம்பி நுனியில் உருகிய கண்ணாடியை எடுத்து, உள்ளே வைக்க வேண்டியதை வைத்து, மேலும் கண்ணாடி சுற்றி உருட்டுவார்கள். முழுக்கத் திடம். நிஜமாகவே ஊதியவை என்றால், மாசசூசெட்ஸில் நியூ இங்கிலாண்ட் கிளாஸ் கம்பெனி செய்த ஆப்பிளும் பேரிக்காயும். உள்ளே காலியாக இருக்கும்படி ஊதி, தட்டையான கண்ணாடித் தட்டின் மேல் ஒட்டியிருப்பார்கள்.

மஞ்சப்பையில் எப்போதும் சமையல் தராசும் நூலும் வைத்திருப்பேன். கடைக்கார அண்ணன் கோபித்துக்கொள்ளவில்லை, எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரே கொண்டுவந்து கொடுத்தார். குண்டின் எடை 412 கிராம். பாத்திரத்தைத் தராசில் வைத்து சைபர் ஆக்கி, குண்டை நூலில் கட்டி அடியைத் தொடாமல் மூழ்கவிட்டேன். 165 காட்டியது. குண்டு ஒதுக்கிய தண்ணீரின் எடை அது. 412-ஐ அதால் வகுத்தால் இரண்டரை. சாதாரண சோடாக் கண்ணாடிக்கு உரிய அடர்த்தி. நியூ இங்கிலாண்ட் கம்பெனியும், கேப் காட் பக்கத்து சாண்ட்விச் கம்பெனியும் (1825-ல் தொடங்கி 1888-ல் மூடியது) ஈயம் சேர்த்த கண்ணாடியில் செய்தவர்கள். என்னிடம் நியூ இங்கிலாண்ட் குண்டு ஒன்று இருக்கிறது: வெள்ளை இழையில் பின்னிய வலைக்கூடை, அதன் மேல் குட்டிப் பேரிக்காய்கள். அதை இதே மாதிரி நிறுத்தால் மூன்றுக்கு மேல் வரும். கையில் எடுத்தாலே தெரியும், அளவுக்கு மீறின கனம்.

சரி, மில்வில் ரோஜாவாக இருக்குமோ? லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இதழ்கள் தடித்துக் கட்டியாகக் கிடந்தன. நுனி வெண்மை இல்லை. தடவினால் எண்ணெய் பூசினது போல வழுக்கல், கண்ணாடியில் லேசான மஞ்சள். அடியில் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில். மேசையில் பல வருஷம் நகர்ந்து விழுந்த கீறல் தாறுமாறாக இருக்கும். 1930-களில் சீனாவில் பிரெஞ்சு, அமெரிக்கக் குண்டுகளைப் பார்த்து நிறைய நகல் எடுத்தார்கள். அந்த வகைதான் இது என்பது என் கணிப்பு. அடியை யாரோ பிற்பாடு தேய்த்திருக்கிறார்கள். அண்ணன் தேய்க்கவில்லை என்றார், நம்புகிறேன், பாதி.

கடைக்கு வருவோம். மரத்தில் அவர் கெட்டிக்காரர். பர்மா தேக்கா, உள்ளூர்த் தேக்கா என்று நிலைக்கதவைத் தட்டிப் பார்த்தே சொல்கிறார். கல்யாணத்தில் சாமான் பரப்பக் கொண்டுவந்த மங்குத் தட்டுகளில் எது சுவீடன், எது செக்கோஸ்லோவாக்கியா என்பதும் அத்துப்படி. கண்ணாடிக்கு மட்டும் வாயில் வந்த நாட்டைச் சொல்கிறார். தேக்கும் மங்கும் வாங்க அந்தக் கடைக்குத் தாராளமாகப் போகலாம். கண்ணாடி வாங்கப் போனால் தராசோடு போங்கள். டார்ச்சும் தேவை, உள்ளறையில் ஒரே ஒரு பல்பு. தூசி ஒத்துக்கொள்ளாதவர்கள் வாசலோடு நின்றுவிடலாம்.

கணக்கைச் சொன்னதும் முகம் சுளிக்காமல் 1,500-க்கு இறங்கினார். நகலானாலும் சிவப்பு நல்ல சிவப்பு, வாங்கிக்கொண்டேன். பழைய பேப்பரில் சுற்றிக் ஓலைக் கொட்டானுக்குள் வைத்துக் கொடுத்தார், பஸ்ஸில் ஒன்றும் ஆகவில்லை. பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் ‘கண்ணாடிக் குண்டு 1’ என்று மட்டும் எழுதினார். அமெரிக்காவைக் காணோம்.